பட்டியலில் ஒரே ஒரு ஆர்ச்சி கில்லிஸ்

"மூன்று மாதத்துக்குள் உங்கள் குடும்ப மருத்துவரைப் பார்க்கவும்" என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. என் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

நவம்பர் தொடக்கத்தில் என் கணவன் ஆர்ச்சிக்கு விலாவில் தாங்க முடியாத வலி. அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பதினோரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலி. சிறுநீரகக் கல் என்றார்கள். கல் தானாகவே போய்விட்டது. ஆனால் ஸ்கேனில் மற்ற சிறுநீரகத்தில் ஒரு நிழல் தெரிந்தது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் நிபுணர் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். நிபுணருக்குக் கடிதம் கொடுக்க வேண்டியது குடும்ப டாக்டர். எங்கள் டாக்டர் மெக்கீகன் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது அழகு நிலையம். ஸ்கேன் அறிக்கையைக்கூட அந்த விலாசத்துக்கே அனுப்பிவைத்தார்கள். தலைமுடிச் சாயக் கறை படிந்த உறையை அந்தக் கடைக்காரிதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நிழல்தானே டீனா? வெயில் அடிச்சா நிழல் விழத்தான் செய்யும்" என்றான் ஆர்ச்சி. முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். எந்தப் பனியிலும் வாய் ஓயாதவன்.

ஆனால் டிசம்பரில் அவன் கொட்டகையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். டப்பா டப்பாவாக ஆணிகளைப் பிரித்து வைத்தான். தண்ணீர் பம்பு உறைந்துபோனால் எந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான், இரண்டு தடவை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வசந்தத்தில் நட விதை உருளைக்கிழங்குக்குச் சொல்லிவைக்கிறவன், இந்த முறை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னைத் தனியாக இருக்கப் பழக்குகிறான் என்று புரிந்தது. அதற்குப் பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

டாக்டர் இல்லாதவர்களுக்கென்று மாகாணத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஆர்ச்சியின் நம்பர் நானூற்றுப் பன்னிரண்டு. திங்கள்தோறும் காலை எட்டரைக்கு அந்த எண்ணை அழைப்பேன். பியானோ இசை வரும். ரொட்டி மாவைப் பிசைந்து முடிக்கும்வரை வரும், பிறகு தானே அறுந்துவிடும். ஜனவரி இரண்டாவது திங்களன்று மாவு பாதியில் இருக்கும்போதே ஒரு பெண் பேசினாள்.

"ஆர்ச்சி கில்லிஸ், கிளென் ரோரி ரோடு. அவருக்குத்தான் டாக்டர் கிடைச்சாச்சே! செப்டம்பர்லயே. ஷோர் கிளினிக், டாக்டர் நுவோசு."

"என் வீட்டுக்காரருக்கா?"

"ஆமாங்க. அவர் சரின்னு சொல்லிச் சேர்ந்துட்டார்னு இங்க பதிவாயிருக்கு."

"இத பாரும்மா, எனக்குத் தெரியாம அவர் எங்கயாவது போறதா இருந்தா டாக்டர்கிட்டயா போவார்?"

என்ன நடந்திருக்கும் என்று ஃபோனை வைப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் கரையோரத்தில் பாதிப் பேர் கில்லிஸ், மீதியில் பாதி பீட்டன். எங்கள் கேப் பிரெட்டன் தீவுக்குக் கப்பலேறி வந்த முன்னோர்கள் ஆறு பெயர்களைத்தான் கொண்டுவந்தார்கள் போலிருக்கிறது. அதையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர். என் கணவன் பஸ் ஆர்ச்சி. குன்றுக்குப் பின்னால் ஆடு வளர்க்கும் கட்டைப் பிரம்மச்சாரி, வேலி ஆர்ச்சி. அவனுடைய தாத்தா, ஊரே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருந்த நேரமாகப் பார்த்து, எல்லை வேலியை நாலடி தள்ளி நட்டார். தாத்தா போய்ச் சேர்ந்தார், வேலியும் உளுத்து விழுந்தது, பெயர் மட்டும் மூன்றாம் தலைமுறைக்கும் நிற்கிறது.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. பட்டப்பெயரை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அந்த ஆளின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. பஸ் என்றால் பரவாயில்லை. ஆனால் வாலிபத்தில் ஒரு நடன விருந்தில் எவனோ "வாங்க வேலி" என்று சொல்லி இரண்டு பல்லைப் பறிகொடுத்தான். காகிதத்திலும் இந்தப் பெயர்கள் ஏறுவதில்லை. காகிதத்தில் எல்லாரும் வெறும் ஆர்ச்சி கில்லிஸ்தான்.

அன்றைக்கே கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பு மேஜையில் பிரியானா என்ற சின்னப் பெண். ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல பெண்தான், வெளியூர்க்காரி, அவ்வளவுதான். கணினியைத் தட்டத் தட்ட அவள் முகம் சிவந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் செல்ஃபோன் எடுக்காது. நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, டெலிஃபோன் புத்தகத்தைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்ட ஆர்ச்சி கில்லிஸை அழைத்திருக்கிறாள்.

"டாக்டருக்காகக் காத்திருக்கீங்களான்னு கேட்டேன். ஆமான்னார். ரோடு பேரும் சரியா இருந்தது. ஹெல்த் கார்டு நம்பர் மட்டும் ஒத்துவரல. பட்டியல்ல தப்பா அடிச்சுட்டாங்கன்னு நெனச்சு நான்தான் திருத்தினேன்."

"கண்ணு, நம்பர் சரியாத்தான் இருந்தது. ஆள்தான் தப்பு."

"ஐயோ, ஸாரிங்க. இப்ப டாக்டர் புதுசா யாரையும் சேர்க்கறதில்ல. மறுபடியும் பட்டியல்ல பேர் கொடுத்தீங்கன்னா..."

"எத்தனாவது?"

"ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல வரும்."

காரைக் கிளப்பி நேராக வேலி ஆர்ச்சி வீட்டுக்கு விட்டேன். வழியெல்லாம் அவனை என்னென்ன கேட்பது என்று அடுக்கிக்கொண்டே போனேன். இருபது வருடமாக எங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு பனிநாளில் என் கணவன் ஓட்டிய பஸ் சறுக்கி அவன் வாசல் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அதோடு போயிருக்கும். என் கணவன் மளிகைக் கடையில் நின்றுகொண்டு, "அவங்க வீட்டுல வேலிதான் நகரும்னு நெனச்சேன், பெட்டியும் நகருது" என்று சொல்லித் தொலைத்தான். சாயங்காலத்துக்குள் அது குன்றைத் தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து வேலி ஆர்ச்சி பெட்டியே வைக்கவில்லை. ஏழு மைல் போய்த் தபால் நிலையத்தில் கடிதம் வாங்கிக்கொள்கிறான்.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, என் முழுப் பெயரைச் சொன்னான். "மர்டீனா. செத்தது யாரு?"

"இன்னும் யாரும் சாகல. உள்ள விடு."

நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் பேச்சு நின்றுபோனாலும் நீ, வா, போ என்றுதான் வாயில் வரும். சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். நிழல், தாள், நானூற்றுப் பன்னிரண்டு, ஃபோன். அவன் தேநீர் ஊற்றி வைத்தான். அது ஆறும்வரை சொன்னேன்.

"என் முறைதான் வந்துடுச்சுன்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். "நானும் ரெண்டு வருஷம் முன்னாடி பேர் கொடுத்திருந்தேனே. இவ்வளவு சீக்கிரமான்னு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. சரி, கவர்ன்மென்ட் வேகமாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்."

"கவர்ன்மென்ட்டா? வேகமாயிடுச்சா?" அவ்வளவு ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மேஜையில் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் சர்க்கரை பார்க்கும் கருவியைக் கவனித்தேன். அவன் விரல் நுனியெல்லாம் ஊசிப்புள்ளி.

"போன அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாங்க அந்த டாக்டரம்மா. கால்ல ஒரு புண்ணு, அஞ்சு மாசமா ஆறல. எங்கப்பாவுக்குக் கால் போனது உனக்குத் தெரியும். எனக்கு ஆறிடுச்சு, பாரு." கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்தவள் நான். அந்த இடத்தை அவனிடமிருந்து பிடுங்கத்தான் போயிருந்தேன். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் நிழல் கரைந்துவிடுமா?

"மறுபடி எப்ப போற?"

"வியாழக்கிழமை பத்து மணிக்கு."

"நாங்களும் வர்றோம்."

வியாழக்கிழமை என் கணவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அவனுக்குக் கொடுத்த நேரத்துல நான் போய் நிக்கறதா? மானம் போயிடும் டீனா."

"உன் மானத்தை ஸ்கேன் எடுத்தா தெரியுமா? தெரியாதுல்ல? பூட்ஸைப் போடு."

முட்டை சாண்ட்விச் எட்டு, ஃபிளாஸ்க்கில் தேநீர், பின்னல் பை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கிளினிக்கில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் நம்மவர்கள். பஸ்ஸும் வேலியும் ஒரே அறைக்குள் இருப்பதைப் பார்த்ததும் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். இருவரும் நடுவில் ஒரு காலி நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்கு உள்கதவு திறந்தது. டாக்டர் நுவோசு, முப்பத்தைந்து வயதிருக்கும், கோப்பைப் பார்த்தபடி, "ஆர்ச்சி கில்லிஸ்" என்றார்.

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

டாக்டர் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். பிரியானா மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள இடம் தேடினாள். நான் போய் அந்தத் தாளை டாக்டர் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"ஸ்கேன் எப்ப எடுத்தது?"

"நவம்பர் நாலு. மூணு மாசம்னாங்க. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

அவர் மழுப்பவில்லை. "நான் ஒருத்திதாம்மா. ஆயிரத்து இருநூறு பேர். அதுக்கே சாப்பிட நேரமில்ல. இவருக்காகக் கதவைத் திறந்தா நாளைக்கு வெளிய நாப்பது பேர் நிப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"அப்ப என் பேரை அடிச்சுடுங்க" என்றது ஒரு குரல். வேலி ஆர்ச்சி. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். "இடம் அவனோடது. எனக்குத்தான் கால் ஆறிடுச்சே. மாத்திரை பேரும் தெரியும். சமாளிச்சுக்குவேன்."

"பேத்தாத" என்றான் என் கணவன். இருபது வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"யாரையும் அடிக்க வேணாம்" என்றேன் நான். "டாக்டர், அந்த நாப்பது பேர் வந்தா, உங்களை நாங்க கூப்பிட்டோமான்னு கேளுங்க. இவரை நீங்க கூப்பிட்டீங்க. செப்டம்பர்ல நானூத்திப் பன்னண்டாம் நம்பர்னு கூப்பிட்டீங்க. அவர் இப்ப வந்து நிக்கறார். நாலு மாசம் லேட்டு, ஆனா லேட் பண்ணினது அவர் இல்ல. இதோ இவரையும் மூணு தடவை பார்த்துட்டீங்க, இனிமே கைவிட முடியாது. ரெண்டு பேருக்கும் ஃபைல் போடற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். சாண்ட்விச் இருக்கு. நாளைக்கும் செஞ்சு எடுத்துட்டு வருவேன்."

சொல்லிவிட்டுப் பின்னலை எடுத்தேன். கை ஓடவில்லை, ஊசிகளைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சாண்ட்விச் பையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பிரியானா, இன்னொரு ஃபைல் திற."

பிரியானா தட்டினாள், நின்றாள். "ஒரே பேர், ஒரே ரோடு டாக்டர். மறுபடியும் குழம்பிடும். ஏங்க, ஊர்ல இவங்க ரெண்டு பேரையும் எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?"

ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். இன்னொருவர் சுவர்க் காலண்டரைப் படித்தார், அது போன வருடத்துக் காலண்டர்.

"என்னை பஸ்னு சொல்வாங்க. பஸ் ஓட்டினவன்" என்றான் என் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரி. இவரை?"

எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

வேலி ஆர்ச்சி மேஜைக்கு நடந்துபோனான். "எழுதிக்க பொண்ணு. வேலி. வேலி ஆர்ச்சி. எங்க தாத்தா ஒரு வேலியைத் தள்ளி நட்டார், அதனால." சொல்லிவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. "இப்ப அவன் முதல்ல போகட்டும். எப்படியும் அவன் பஸ் என்னைக்கும் லேட்டுதான்."

அதற்குத்தான் அறை முழுக்கச் சிரித்தது.

அரை மணி நேரம் கழித்து என் கணவன் கடிதத்தோடு வெளியே வந்தான். டாக்டரே ஹாலிஃபாக்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து பேசிவிட்டார். நிபுணர் இருபத்தெட்டாம் தேதி பார்க்கிறார். நிழல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். பிரியானா கொடுத்த படிவத்தில் "குடும்ப மருத்துவர் பெயர்" என்ற இடம் வந்தது. மூன்று வருடமாக அதில் கோடு போட்டுப் போட்டு வைத்தவள், இன்றைக்கு அழுத்தி எழுதினேன். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

உள்கதவு மறுபடி திறந்தது. "வேலி ஆர்ச்சி" என்று தெளிவாகக் கூப்பிட்டார் டாக்டர். அவன் எழுந்து, தொப்பியை என் கணவன் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

என் கணவன் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாண்ட்விச்சை எடுத்தான், கடிக்கவில்லை.

"டீனா, ஏப்ரல்ல மண்ணு இளகினதும் அவன் வாசல்ல ஒரு தபால் பெட்டி நட்டுக் கொடுத்துடணும். நானே நடறேன்."

ஏப்ரல் என்றான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வாயிலிருந்து அந்த மாதத்தின் பெயர் வந்ததில்லை.

"நடலாம்" என்றேன். "முதல்ல சாப்பிடு."