தவிர்க்க வேண்டியவை

என் கணவரின் வருஷத் தெவசத்துக்கு நான்கு நாள் இருந்தபோது வில்லியனூரிலிருந்து என் மகள் அர்ச்சனா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஃபிரிட்ஜிடம் போய், அதன் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். அவருக்கு டயாலிசிஸ் செய்த ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியல் அது. இடது பக்கம் ‘சாப்பிடலாம்’ என்று ஒன்பது வரி இருக்கும். வலது பக்கம் ‘தவிர்க்க வேண்டியவை’. அது இடம் போதாமல் காகிதத்தின் பின்பக்கத்துக்கும் போயிருந்தது.

“படையலுக்கு இதான் மெனு,” என்றாள் அர்ச்சனா. “ரைட் சைடு மொத்தமும். ரெண்டு வருஷம் மனுஷனுக்கு ஒண்ணும் குடுக்கல. இப்பவும் நீ இட்லியும் பீர்க்கங்காயும் வெச்சா, அப்பா எலையிலேருந்து எழுந்து போயிடுவாரு.”

என் நாத்தனார் காசம்மாள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு அக்கா. தெவசத்தை எடுத்து நடத்துவதற்காக ஒரு வாரம் முன்பே வந்து இறங்கியிருந்தார்.

“அதுல கருவாடுன்னு போட்டிருக்குமே. தெவசத்துல கவுச்சி வெப்பியாடி?”

“கவுச்சிய அடிச்சிடலாம் அத்தை. மீதி எல்லாம்.”

பேனாவால் இரண்டு வரியை அடித்துவிட்டு மற்றதைச் சத்தமாகப் படித்தாள். இளநீர். பேரீச்சம்பழம். தக்காளி. சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஊறுகாய். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் அடிக்கோடிட்டிருந்த முதல் வரிக்கு வந்தாள்.

“வாழைப்பழம். ம்மா, உன் வாழைப்பழக் கேக் பண்ணுமா. அப்பாவுக்கு அதுன்னா உசுரு.”

நான் சரி என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. தோட்டத்துக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்தக் கேக்தான் அவர் உயிரை எடுத்தது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான். கேக் செய்ததே வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர், கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, வரப்போரத்தில் வாழை. அர்ச்சனா ஐந்தாவது படிக்கும்போது பிறந்தநாளுக்குக் கேக் கேட்டு அடம்பிடித்தாள். ஒரு வாரப் பத்திரிகையில் குக்கரிலேயே கேக் செய்யும் விதம் போட்டிருந்தார்கள். ரப்பர் வளையத்தையும் விசிலையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பிச் சூடேற்றி, உள்ளே பாத்திரத்தை வைக்க வேண்டும். அதில் சொன்ன மைதாவும் வெண்ணெயும் அன்று வீட்டில் இல்லை. கோதுமை மாவு, தோல் கறுத்த பூவன்பழம், பனைவெல்லம், தயிர், நல்லெண்ணெய், கொஞ்சம் சுக்கு என்று இருந்ததைப் போட்டேன். பாத்திரத்தில் ஒட்டாமலிருக்க வாழை இலையை வாட்டி அடியில் விரித்தேன். இலை கருகி, அந்த வாசனை கேக்கில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கேக் அதுதான். ஆறுவதற்குள் இவர் அடுப்பருகில் நின்றபடியே, கருகிய ஓரங்களை நகத்தால் பெயர்த்துத் தின்றுவிடுவார்.

பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஊரில் ஆட்டோ ஓட்டும் பிரிட்டோதான் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்து கூட்டி வருவான். முதல் நாளே நர்ஸ் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் பொட்டாசியம் உடம்பிலேயே தங்கிவிடும், அளவு மீறினால் இதயம் நின்றுபோகும், வாழைப்பழம் கண்ணில்கூடப் படக்கூடாது என்று. அன்றிலிருந்து காயை நறுக்கி வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டித்தான் சமைத்தேன்.

“கனகா, இது வெந்த காயா, குளிச்ச காயா?” என்று கேட்பார்.

போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு, “ஒரே ஒரு தரம் கேக் பண்ணு,” என்றார்.

“பைத்தியமா உங்களுக்கு? நாளைக்கு டயாலிசிஸ்.”

“அதான் சொல்றேன். நாளைக்கு எல்லாத்தையும் மிஷின் உறிஞ்சிடும். இன்னிக்குத் தின்னா இன்னா?”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“டாக்டரு சொன்னா பயந்துடுவனா நானு? நாக்கு செத்து ரெண்டு வருஷமாச்சு. ஒடம்பை மட்டும் வெச்சிக்கினு இன்னா பண்றது?”

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். பிறகு நான் போய்ப் பழத்தைப் பிசைந்தேன். அதை என்னால் யார் மேலும் போட முடியாது. என் கைதான் பிசைந்தது. ஆறு துண்டு போட்டு டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் தின்ன வேண்டும் என்று சத்தியம் வாங்கினேன். வயலில் காற்றாட உட்கார்ந்து தின்கிறேன் என்று மோட்டார் கொட்டாய்க்கு எடுத்துப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். டப்பா கழுவிச் சுத்தமாக இருந்தது.

“ஆறும் தின்னுட்டீங்களா?” என்றேன்.

“டப்பா காலியா இருக்குதில்ல? சுக்குதான் கொஞ்சம் தூக்கல்,” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

விடிகாலையில் எழுப்பினால் எழவில்லை. ஐந்தரை மணிக்குக் கூட்டிப்போக வந்த பிரிட்டோவின் ஆட்டோவிலேயே கொண்டுபோனோம். போகும்போதே உயிர் இல்லை என்றார்கள். அர்ச்சனா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்று என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார்.

“இட்லி. மத்தியானம் சோறு, பீர்க்கங்காய்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

இந்த நோயில் இப்படித் திடீரென்று நின்றுபோவது உண்டு, பொட்டாசியம் ஏறியிருக்கலாம், ஏற்கெனவே பலவீனமான இதயம், அதுவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். அவர் சொன்ன இரண்டில் முதலாவதுதான் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் அந்தக் குக்கரை எடுக்கவில்லை. வாழைத்தார் பழுத்தால் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அர்ச்சனா, “எங்கம்மா சார்ட் பாத்து சார்ட் பாத்து சோறு போட்டாங்க, ஒரு நாள் தவறல,” என்று சொல்லும்போது, அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன்.

இந்த நான்கு நாளில் இரண்டு முறை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறை அவள் போனில் பேசப் போய்விட்டாள். இன்னொரு முறை என் தைரியம் போய்விட்டது.

தெவசத்தன்று காலையில் பழத்தை அர்ச்சனாதான் பிசைந்தாள். நான் பழத்தை உரித்துவிட்டுப் பிசையாமல் நின்றதைப் பார்த்து, வயசாகிவிட்டது என்று கேலி செய்தாள். காசம்மாள் வந்து எட்டிப்பார்த்தார்.

“முட்டை கிட்டை போட்டுடாதடி கனகா.”

“என்னுதுல எப்பவுமே தயிர்தான் அக்கா.”

“முட்டை இல்லாம அது கேக்கா, களியா?”

“தின்னு பாத்துட்டுச் சொல்லு அத்தை,” என்றாள் அர்ச்சனா.

அரை மணி நேரத்தில் இலை கருகும் வாசனை வீடு முழுக்க வந்தது. அர்ச்சனா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள். நான் காக்கைக்குச் சோறு வைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

உச்சி வேளைக்குப் படைத்தோம். அவர் படத்துக்கு முன் தலைவாழை இலையில் வலது பக்கப் பட்டியல் முழுக்க இருந்தது. முருங்கைக்கீரைக் கூட்டு, தக்காளிச் சாதம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, எலுமிச்சை ஊறுகாய், தேனில் போட்ட பேரீச்சம்பழம், சீவி வைத்த இளநீர், நடுவில் கேக். கற்பூரம் காட்டிய காசம்மாள், “தின்னுடா ராமு, இனிமே எந்த நர்ஸும் கேக்க மாட்டா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் பந்தி உட்காரும்போது பிரிட்டோ வந்தான். காரியத்துக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் பார்த்தால்கூட ஆட்டோவை நிறுத்தாமல் கையை மட்டும் தூக்குவான். அர்ச்சனா நேரில் போய் அழைத்ததால் வந்திருந்தான். இலையில் உட்கார்ந்து கூட்டையும் சாதத்தையும் சாப்பிட்டான். கேக்கை மட்டும் இரண்டு விரலால் ஓரத்துக்குத் தள்ளி வைத்தான்.

காசம்மாள் கண்ணில் அது பட்டுவிட்டது.

“இன்னாடா பிரிட்டோ, உன் பொண்டாட்டி ஜோஸ்பின் கிறிஸ்மஸுக்குச் சுடறதை விட மட்டமா இருக்குதா?”

“அதெல்லாம் இல்லக்கா. வேணாம்.”

“பண்ணவளும் ஒரு வாய் தின்னல. வந்தவனும் ஒதுக்கறான். இதுல இன்னாத்தடி போட்டிருக்கீங்க?”

பிரிட்டோ கையை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“அண்ணி, இதை நான் அன்னிக்கே தின்னுட்டேன்.”

“என்னிக்கு?” என்றேன்.

“அண்ணன் போறதுக்கு மொத நாளு. எத்தினி மணிக்கு வரட்டும்னு கேக்க மோட்டார் கொட்டாய்க்குப் போனேன். டப்பாவைத் தொறந்து மடியில வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. மோந்து மோந்து பாத்தாரு. அப்புறம், இந்தாடா, புள்ளைங்களுக்கு எடுத்துக்கினு போன்னுட்டாரு. வேணாம்ணே, அண்ணி ஒனக்கு ஆசையாப் பண்ணதுன்னேன். எனக்குப் பயமா இருக்குதுடா, திங்க முடியலன்னாரு. அவகிட்ட வீறாப்பா சண்டை போட்டு வாங்கினு வந்துட்டேன், இப்பப் போயி பயந்துட்டேன்னு சொன்னா சிரிப்பா, நீ வாயைத் தொறந்துடாதன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு.”

“எத்தினி குடுத்தாரு?”

“மொத்தமும். ஆறு துண்டு.”

“அவரு ஒண்ணுகூடத் தின்னலியா?”

“ஓரத்துல கருகினதை இத்துனூண்டு பிச்சு வாயில போட்டாரு. ரெண்டு வாட்டி மென்னுட்டு, வாய்க்கால்ல துப்பிட்டாரு.”

“துப்பினாரா? நீ பாத்தியா?”

“பாத்தேன் அண்ணி. துப்பிட்டு, மோட்டார் தண்ணியில வாயும் கொப்புளிச்சாரு.” தன் சட்டைத் தோளிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். “காலையில வந்து பாத்தா மனுஷன் இல்ல. அவரு கடைசியா ஆசைப்பட்டதை நான் தூக்கினு போய்த் தின்னுட்டேன். அதான் இந்த வூட்டுப் பக்கம் வரவே மூஞ்சி இல்ல.”

நான் சிரித்துவிட்டேன். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரியும். அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். உடம்பு காய்ச்சல் விட்டது போல இருந்தது.

“இன்னாடி ஆச்சு ஒனக்கு?” என்று காசம்மாள் கரண்டியோடு ஓடி வந்தார்.

“புள்ளைங்க தின்னுச்சுங்களாப்பா?” என்று பிரிட்டோவைக் கேட்டேன். “நல்லா இருந்துச்சுன்னாங்களா?”

“பெரியவ ஒருத்தியே மூணு தின்னா அண்ணி. எந்தக் கடைன்னு இன்னும் கேட்டுக்கினே இருக்கா.”

அர்ச்சனா என் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

“அன்னிக்கு நீ கேக் பண்ணியா?”

“பண்ணேன்.”

“டாக்டர்கிட்ட வேற ஒண்ணும் இல்லன்னு சொன்னியே.”

“பொய் சொன்னேன். ஆறும் அவரு தின்னுட்டாருன்னு நெனச்சேன். என் கையாலயே போயிட்டாருன்னு நெனச்சுக்கினு இருந்தேன்டி. இவ்ளோ நாளும்.”

அர்ச்சனா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நீ இன்னா சொல்லியிருப்ப?”

யோசித்துவிட்டு, “கத்தியிருப்பேன்,” என்றாள். “மூணு மாசம் பேசாம இருந்திருப்பேன். ஆனா நாலாவது மாசம் வந்திருப்பேன்ல?” சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, “துப்பிட்டு வாய் வேற கொப்புளிச்சாராம். அவ்ளோ பயம். நம்மகிட்ட இன்னா பேச்சு பேசுவாரு,” என்றாள். இம்முறை அவளும் சிரித்தாள்.

அவர் எதனால் போனார் என்று எனக்கு இன்றும் தெரியாது. டாக்டர் சொன்ன இரண்டாவது காரணமாக இருக்கலாம். இந்த ‘இருக்கலாம்’ எனக்குப் போதும். சாவதைப் பற்றி அவ்வளவு அலட்சியமாகப் பேசிய மனிதர், ஒரு துண்டுக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்க ஆசைப்பட்டிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கும். ஆனால் அது வேறு கனம்.

அர்ச்சனா தட்டிலிருந்து பெரிய துண்டாக எடுத்து என் கையில் வைத்தாள். “தின்னு.”

கடித்தேன். முதலில் கருகிய இலை வாசனை, பிறகு வெல்லம், கடைசியில் தொண்டையில் சுக்கு. பிரிட்டோ தான் ஒதுக்கி வைத்திருந்ததை இலையின் நடுவுக்கு இழுத்துக்கொண்டான். நான் இரண்டாவது வாயை மெதுவாக மென்றேன். நடுவில் மாவு லேசாக ஒட்டியது. கவனம் இல்லாமல் சீக்கிரம் இறக்கிவிட்டிருக்கிறேன்.

“இன்னும் பத்து நிமிஷம் விட்டிருக்கணும்,” என்றேன்.

“அதெல்லாம் வெந்துதான் இருக்குது, கம்முனு தின்னு,” என்றார் காசம்மாள். அவர் வாயில் இரண்டாவது துண்டு இருந்தது.