கதவோரக் கட்டில்

எல்லாரும் சுகம்தானே? வீட்டில் பிள்ளைகளுக்குச் சளி, இருமல் எதுவும் இல்லையே? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். விஷயம் கொஞ்சம் நீளம். விடுதியில் தங்கிப் படித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அடிவயிறு கலங்கினாலும் கலங்கும்.

ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கேட்டைத் தாண்டி உள்ளே நுழைந்தால் பிள்ளைகளோடு பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். தும்மினால்கூட இங்கிலீஷில் தும்ம வேண்டும் என்று சமையற்காரர் கேலி செய்வார். பெண்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் ரேங்க் படி கட்டில் மாறும். முதல் ரேங்க்குக்கு ஜன்னலோரம், காற்றும் வெளிச்சமும் கொட்டும். அப்படியே வரிசையாக வந்து, கடைசி ரேங்க்குக்குக் குளியலறைக் கதவோரம். ஈரக்காற்று, ஃபினாயில் வாசனை, கதவு அடிக்கிற சத்தம். அங்கே படுப்பவளுக்குப் பெயரே 'கதவு'. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரை அடுத்த பரீட்சை வரைக்கும் ஒருத்தியும் கூப்பிட மாட்டாள்.

அந்த விடுதியின் மேட்ரனுடைய சொந்த மகள்தான் சேர்ந்ததிலிருந்தே கதவாக இருந்தாள்.

மேட்ரனுக்கு அது நெஞ்சில் முள். வேலைக்குச் சேர்ந்தபோது, மகளுக்கும் அங்கே ஒரு இடம் தருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். மகள் அதுவரை தாய்மொழியில் படித்தவள். இங்கே வந்து புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதாள். அம்மாவை 'அம்மா' என்றுகூடக் கூப்பிடக் கூடாது, 'மேட்ரன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும், போர்வையும் தலையணை உறையும் அடுக்கி வைக்கிற ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா தலை பின்னிவிடும் நேரத்தில் தாயும் மகளுமாக இருப்பார்கள்.

அந்த மகள் அரைப்பரீட்சையில் இரண்டாவது ரேங்க் வாங்கிவிட்டாள்.

மேட்ரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவாதது ஒரு மத்தியானம் மட்டும்தான். சாயங்காலமே பிரின்சிபால் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

"உக்காருங்க மேட்ரன்," என்றார் பிரின்சிபால் அம்மாள். அவர் உட்காரச் சொன்னாலே கெட்ட செய்தி என்று அர்த்தம். நல்ல செய்தி என்றால் நிற்க வைத்தே சொல்லி அனுப்பிவிடுவார். பக்கத்தில் சயின்ஸ் டீச்சர் இரண்டு விடைத்தாள்களை விரித்து வைத்திருந்தார். ஒன்று மகளுடையது. மற்றது 'ராக்கெட்' என்று விடுதியே அழைக்கும் முதல் ரேங்க் பெண்ணுடையது.

"நுரையீரல் பத்தி ஒரு கேள்வி," என்றார் டீச்சர். "வலது பக்கத்துக்கு மூணு மடல், இடது பக்கத்துக்கு ரெண்டு மடல். ராக்கெட் அதை மாத்தி எழுதியிருக்கா. உங்க மகளும் அதே மாதிரி மாத்தி எழுதியிருக்கா."

"ரெண்டு பிள்ளைங்களும் தப்பு பண்ணியிருக்கும் டீச்சர்."

"தப்பு மட்டும்னா பரவாயில்ல. நுரையீரல் தலைகீழா தொங்குற மரம் மாதிரின்னு ராக்கெட் எழுதியிருக்கா. அது புத்தகத்துலயும் இல்ல, நானும் சொல்லித் தரல. உங்க மகளும் மரத்தைத் தொங்க விட்டிருக்கா. வார்த்தைக்கு வார்த்தை."

"பக்கத்துல பக்கத்துல உக்காந்து எழுதினாங்களா?"

"ராக்கெட் மாடியில. உங்க மகள் கீழ. அதான் எங்களுக்குப் புரியல," என்றார் பிரின்சிபால். பிறகு, மேசைமேல் இருந்த கண்ணாடிக் குண்டை மெல்ல உருட்டிக்கொண்டே, "ஸ்டாஃப் ரூமுக்கு வெள்ளையடிச்சப்ப திருத்தாத விடைத்தாள் கட்டெல்லாம் எங்க இருந்துச்சு மேட்ரன்?" என்றார்.

அந்தக் கட்டெல்லாம் மேட்ரனுடைய ஸ்டோர் ரூமில்தான் இருந்தது. போர்வை அலமாரியில், பூட்டுக்குள். சாவி அவள் இடுப்பில்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல," என்றார் பிரின்சிபால். சொல்லாமலே சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை காலையில எனக்கு ஒரு பதில் வேணும். நம்புற மாதிரி பதில். இல்லன்னா உங்க மகள் இங்க படிக்க முடியாது. அவளே இல்லன்னா நீங்களும் இங்க இருக்கப் பிரியப்பட மாட்டீங்க."

மேட்ரன் வெளியே வந்தாள். தான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடவுளே இறங்கி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வாள். ஆனால், படி இறங்கும்போதே இன்னொரு நினைப்பு பின்னாலேயே இறங்கி வந்தது. கட்டுகள் அங்கே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தலை பின்ன வந்த மகளை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டு, அவள் குளிக்கப் போனாள். சாவிக்கொத்தைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனாள்.

பெற்ற வயிறு இல்லை இல்லை என்றது. ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பிள்ளைகள் விளையாடப் போனதும் மகளுடைய அலமாரியைக் குடைந்தாள். சட்டை மடிப்பை உதறினாள். ஷூவுக்குள் கையை விட்டாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். ஊரான் வீட்டுப் பிள்ளையின் அலமாரியை இப்படிக் குடைந்ததில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிற பிள்ளையா இது?

மகள் வியர்த்து விறுவிறுத்து வந்தாள். தாறுமாறாகக் கிடந்த அலமாரியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சுற்றிலும் பெண்கள் இருந்ததால், "வாட் ஹாப்பண்ட், மேட்ரன்?" என்றாள்.

"ஸ்டோர் ரூமுக்கு வா," என்றாள் மேட்ரன், தன்னை மறந்து தமிழில்.

கதவைச் சாத்தியதும் கேட்டாள்: "மரம் தலைகீழா தொங்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

மகளின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "யாரும் சொல்லல. எனக்கா தோணுச்சு."

"அந்த ராக்கெட்டுக்கும் அதே தோணுச்சாக்கும்."

"தோணியிருக்கும்."

"கண்ணு, என் சாவியை எடுத்தியா?"

மகள் அம்மாவை நேராகப் பார்த்தாள். "நீங்களுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுக்கவில்லை என்று சொல்லவில்லையே என்பதுதான் மேட்ரனை அரித்தது. பொய் சொல்லப் பிடிக்காமல் பேசாமல் போனாளா, கோபத்தில் போனாளா? பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அழுகையைக் கேட்டே பசியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாள். இப்போது நேரே பார்த்துப் பேசினாலும் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் விடியற்காலை, எழுப்புகிற மணிக்கு முன்பாகவே மேட்ரன் பூனைபோல் விடுதிக்குள் நுழைந்தாள். நல்ல நினைப்போடு நுழையவில்லை, வேவு பார்க்கத்தான் நுழைந்தாள். புதுக் கட்டில் வரிசை திங்கட்கிழமைதான் மாறும் என்பதால், மகள் இன்னமும் கதவோரத்தில்தான் படுத்திருந்தாள். ஆனால் தலை இருக்க வேண்டிய இடத்தில் கால் இருந்தது. கதவாகப் படுக்கிற பெண்கள் எல்லாரும் ஃபினாயில் நெடிக்குப் பயந்து குளியலறைக்கு எதிர்ப்புறமாகத் தலைவைத்துத்தான் படுப்பார்கள். இவளோ தலையணையைத் திருப்பிப் போட்டு, குளியலறைத் தடுப்பில் காதை ஒட்டிக்கொண்டு கிடந்தாள். தடுப்பு வெறும் பலகைதான். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

யாரிடம் பேசுகிறாள்? பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ கூட்டாளி நிற்கிறாளா? மேட்ரன் அடிமேல் அடி வைத்துப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகள் திடுக்கிட்டுக் கண் திறந்தாள். சட்டென்று அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

அந்தப் பக்கம் குழாய் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் கேட்டது. ராக்கெட்டின் குரல். நிறுத்தி நிறுத்தி, பாட்டு மாதிரி, இங்கிலீஷில் சரித்திரப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அடுத்த குளியலறையில் இன்னொரு குழாய் ஓடியது. அங்கே மூன்றாவது ரேங்க்காரி, கணக்குச் சூத்திரம். அதற்கும் அடுத்ததில் யாரோ இலக்கணம்.

விடுதிக்குள் சத்தம் போட்டுப் படிக்கக் கூடாது. அதுவும் போக, அந்தப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி தான் படிப்பதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். "நான் ஒண்ணுமே தொடல, தூங்கிட்டேன்," என்பதுதான் அங்கே காலை வணக்கம். அதனால் பல் தேய்க்கப் போகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு ஒப்பிப்பார்கள். கட்டில் வரிசையில் இருக்கிற மற்றவர்கள் காதில் விழாது. கதவின் காதில் விழுமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. கடைசி ரேங்க் கேட்டு என்ன கிழித்துவிடப் போகிறாள் என்ற நினைப்பு.

ஸ்டோர் ரூமில் மகள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துச் சொன்னாள். "படிச்சா மண்டைல ஏறல. காதால கேட்டா அப்படியே நிக்குதும்மா. அவ என்ன சொன்னாலும் நின்னுடும். மூணு மடல் இடப்பக்கம்னு அவ சொன்னா. நான் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அவ ராக்கெட்டாச்சே."

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சா என்ன? என் உயிரே போயிடுச்சு."

"சொன்னா நாளைக்கே எல்லாரும் வாயை மூடிடுவாங்க. அப்புறம் நான் எதைக் கேக்குறது?"

"சொல்லலன்னா நாளைக்கு உனக்கு இந்த இடமே இல்லடி."

மேட்ரன் மகளின் தலையைப் பின்னி முடித்தாள். முடித்துவிட்டு மறுபடி அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள். பிறகு எழுந்து, பிரின்சிபால் அம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

திங்கட்கிழமை விடியலில் பிரின்சிபால் அம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதிக்குள் வந்த காட்சியைப் பார்க்க ஒருத்தரும் விழித்திருக்கவில்லை. கதவோரக் கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் முக்காடு மாதிரி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். மேட்ரன் தலைமாட்டில் நின்றாள். குழாய்கள் திறந்தன. ராக்கெட் நேற்றைய சரித்திரப் பாடத்தையே மறுபடி ஆரம்பித்தாள்.

பிரின்சிபாலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு நாடகம் காட்டுகிறீர்களா என்பதுபோல மகளைப் பார்த்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் காதருகே குனிந்து ஒரு வாக்கியத்தை மெல்லச் சொன்னாள். அவள் சொல்லி முடித்த பிறகு, பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கெட்டின் குரல் அதே வாக்கியத்தைச் சொன்னது. மகள் அடுத்ததைச் சொன்னாள். ராக்கெட் பின்னாலேயே வந்தாள். ஒரு இடத்தில் ராக்கெட் தடுமாறினாள். மகள் தடுமாறவில்லை.

திடீரென்று குழாய் நின்றது. பிரின்சிபால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேட்ரன் தலையணை உறையை மாற்றுகிறவள்போலக் குனிந்தாள். ராக்கெட் ஈரக்கையை உதறிக்கொண்டே வந்து, போகிற போக்கில் போர்வை மூட்டையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "எழுந்திரு கதவே," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று பிரின்சிபால் அறையில் மேட்ரனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அப்போதே அவளுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது.

"கேக்குறது குத்தமில்ல," என்றார் பிரின்சிபால். "உங்க மகள் இருக்கட்டும். ஆனா இது நம்ம மூணு பேரோட போகட்டும். பிள்ளைங்க காலையில வாய்விட்டுப் படிக்குறாங்க, ரிசல்ட் நல்லா வருது. அதை ஏன் கெடுக்கணும்? குழாய் ஓடினா ஓடிட்டுப் போகுது."

"சரிங்கம்மா. அவ கதவோரத்துலயே படுத்துக்கிறேன்னு சொல்றா."

"அது எப்படி? ரெண்டாவது ரேங்க் ஜன்னல் பக்கம்தான். வழக்கத்தை மாத்தினா எல்லாருக்கும் சந்தேகம் வரும்."

அப்படியே ஆயிற்று. மகள் ஜன்னல் பக்கம் போனாள். கதவோரத்துக்கு வேறொரு பெண் வந்தாள், ஒடிசலாக, யாரிடமும் பேசாத பெண். வந்த மறுநாளே தலையை மாற்றிப்போட்டுப் படுத்திருப்பதை மேட்ரன் பார்த்தாள். மகள் சொல்லிக்கொடுத்தாளோ, அவளே கண்டுபிடித்தாளோ, தெரியவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள்.

அப்போது குளியலறையில் புதிதாக ஒரு குழாய் திறந்தது. மகளின் குரல். இப்போது அவளும் பல் தேய்க்கிற சாக்கில் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். மேட்ரனுக்குப் பெருமையில் கண் கலங்கியது. போர்வையை மடிக்கிற மாதிரி நின்று கேட்டாள்.

நுரையீரல் பாடம். குரல் தெளிவாக, கொஞ்சம் உரக்கவே வந்தது. லெஃப்ட் லங், த்ரீ. ரைட் லங், டூ.

மேட்ரனின் கை அப்படியே நின்றது. அந்த ஒரு தப்புக்காகத் தாயும் மகளும் தெருவுக்கு வர இருந்தார்கள். வலது மூன்று, இடது இரண்டு என்பது இப்போது மேட்ரனுக்கே தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மகளுக்கா தெரியாது? பழைய பாடம் காதில் ஊறிப்போய்த் தானாக வந்ததா? இல்லை, பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு காது ஒட்டியிருப்பது தெரிந்தே சொல்கிறாளா?

கதவோரக் கட்டிலில் அந்த ஒடிசல் பெண்ணின் உதடு அசைந்தது. லெஃப்ட் லங், த்ரீ.

மேட்ரன் குனிந்தாள். அந்தப் பெண்ணின் காதருகே, "ரைட்தான் த்ரீ, கண்ணு," என்றாள். எழுப்புகிற மணி அடிக்கப் போய்விட்டாள்.

மகளிடம் அதைப்பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை பின்னும்போதெல்லாம் வாய்வரைக்கும் வருகிறது. ஒருமுறை தப்பாகச் சந்தேகப்பட்டவளுக்கு இரண்டாம் முறை கேட்க வாய் எழவில்லை. சாவிக்கொத்தை மட்டும் இப்போதெல்லாம் குளிக்கப் போகும்போதும் கையோடு கொண்டுபோகிறாள்.

அந்தப் பிள்ளை தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள். உங்கள் விடுதியில் கதவாக இருந்தது யார், ராக்கெட்டாக இருந்தது யார், யார் யாரிடமிருந்து எதை ஒளித்தீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.