வராதவளின் விரல்

கோட்டைப்பட்டினத்து இறால் பதனிடும் ஆலை ஒன்றில், பணியாளர் அதிகாரி நுஸைபாவின் மேசைமீது முனியாயியின் பணிநீக்க உத்தரவு கிடந்தது. கைரேகைப் பதிவின்படி அவள் பதினொரு நாள் வேலைக்கு வரவில்லை.

"கையெழுத்தப் போடுங்கம்மா. மிஷினா பொய் சொல்லும்? இவளுகதான் சொல்லுவாளுக" என்றார் மேலாளர் பிராங்க்ளின்.

நுஸைபா முனியாயியை வரவழைத்து, மேலாளரின் கண்ணெதிரே விரலை வைக்கச் சொன்னாள். பனிக்கட்டியிலும் இறால் ஓட்டிலும் தேய்ந்து வழவழத்துப்போன அவ்விரலை இயந்திரம் மூன்று முறையும் ஏற்கவில்லை.

"இப்பவும் நான் வரலீங்களாய்யா?" என்றாள் முனியாயி.

பிராங்க்ளினின் முகம் கடுத்தது. "நீங்க போடலேன்னா, நாளைக்கு ஒங்க நாற்காலிக்கு வேற ஆளு வரும்."

"வரட்டும் சார். அவுங்களும் இந்த வெரலத்தான் வச்சுப் பாக்கணும்."

உத்தரவின் குறுக்கே 'ஆதாரம் பிழையானது' என்று எழுதி, அதன்கீழ் நுஸைபா கையெழுத்திட்டாள்.