பூசைக்குப் போன கணினி

புரட்டாசி முடியும் தறுவாயில் கிரான் ஊரின் வானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. மாதக்கணக்காக வயல்களை உலர்த்திய கச்சான் காற்று ஓய்ந்திருக்கும். வாடையோ இன்னும் புறப்பட்டிராது. இடைப்பட்ட அந்நாட்களில் கடல் கலந்த களப்பு நீர் கரையோரக் கண்டல் மரங்களின் நிழலைக் கலைக்காமல் தாங்கிக் கிடக்கும். மேற்கே மேகம் திரளும்; புழுதியாய் உழுது விட்ட வயல்வட்டையெங்கும் அதன் கருமை படரும்; பின்பு ஒரு துளியும் உதிராமல் விலகிப் போகும். விதைநெல் மூட்டையில் காத்திருக்கும். கோயில்களில் ஒன்பது இரவுகள் ஒலித்த அன்னையின் திருநாமம் பத்தாம் நாள் மெல்ல அடங்கும். வர வேண்டிய ஒன்றுக்காக நிலமும் நீரும் ஒதுங்கி வழிவிட்டு நிற்கும் பருவம் அது.

அத்தகைய ஒரு விசயதசமிக் காலையில் சுலோஜனா தன் கணினியைச் சாமியறையிலிருந்து தூக்கி வந்து கடை மேசையில் வைத்தாள். வீட்டின் முன்னறைதான் கடை. ஊராரின் இணைய விண்ணப்பங்களையும் அச்சு வேலைகளையும் அவள் அங்கிருந்தே செய்து கொடுத்தாள். கணினியின் நெற்றியில் முதல்நாள் இட்ட சந்தனம் உலர்ந்து வெடித்திருந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு வழமை உண்டு. கலைமகள் பூசையன்று கருவிகளெல்லாம் சாமியறைக்குச் செல்லும். அவற்றின் முன் ஏற்றிய விளக்கு, மறுநாள் ஒவ்வொரு கருவியும் தன் முதற்பணியைச் செய்து முடிக்கும் வரை எரிய வேண்டும். அதன்பின்பே அதைக் குளிர வைத்து, அதாவது அணைத்து, வீட்டார் தம் வேலைக்குப் போகலாம். கணவன் அருமைநாயகத்தின் மண்வெட்டி வீட்டு வளவில் ஒரு பிடி மண்ணைப் புரட்டிவிட்டது. அரிவாள் ஒரு தென்னங்கீற்றை அறுத்துவிட்டது. எஞ்சியது கணினி. முதலில் படியேறி வருபவரின் தேவையை நிறைவேற்றுவதே அதன் முதற்பணி.

முதலில் வந்தவர்கள் அருகிலுள்ள ஓட்டமாவடியைச் சேர்ந்த நஸீறாவும் அவள் மகள் அஸ்மியாவும். தாதியர் பட்டப்படிப்புக்கு அஸ்மியா தெரிவாகியிருந்தாள். அந்த இடத்தை ஏற்றுக்கொள்வதாக இணையத்தில் அறிவிக்க அன்றே இறுதி நாள். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அடைமழை வந்தாலும் இண்டைக்கு வந்திருப்பன் தங்கச்சி," என்றபடி நஸீறா கதிரையில் அமர்ந்தாள். "இவள் ராவு முழுக்க நித்திரையில்ல."

சுலோஜனா உலாவியின் குறியைத் தொட்டாள். இணையப் பக்கங்களுக்கெல்லாம் வாசல் அதுதான். வெண்மையாய் ஒரு சாளரம் விரிந்தது, இமைப்பொழுதில் மூடிக்கொண்டது. மறுபடி தொட்டாள். மறுபடியும் மூடிக்கொண்டது.

"அம்மாளுக்கு முன்னால ஒருநாள் சும்மா இருந்து ருசி கண்டுட்டு போல," என்றாள் நஸீறா.

"பகிடி விடாதீங்க ராத்தா. இது திறக்காட்டி வேற வழியில்ல."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் அஸ்மியாவின் கணக்கை இதே மேசையில் தொடங்கியபோது, உலாவி தானே பின்னிக் கொடுத்த நீண்டதொரு கடவுச்சொல்லைச் சுலோஜனா ஏற்றுக்கொண்டாள். அதை உலாவியிடமே விட்டும் வைத்தாள். அதை அறிந்தவர் எவருமில்லை. மறந்தவர்களுக்கு மீட்புக் குறியீடு வந்து சேரும் தொலைபேசி இலக்கமோ அஸ்மியாவின் வாப்பாவுடையது. அவர் கட்டார் நாட்டுக்குப் போனபின் அந்தச் சிம் செத்துப் போயிற்று. ஆகவே வேறெந்தக் கடைக்குப் போனாலும் பயனில்லை. திறக்க மறுக்கும் இந்த உலாவியின் வயிற்றுக்குள்தான் அந்தப் பிள்ளையின் சாவி கிடந்தது.

எதிர்ப்புறத்தில் கைபேசி திருத்தும் நிஸ்தாரை நஸீறா கூவி அழைத்தாள். அவன் வந்து, நின்றபடியே பார்த்தான்.

"அக்கா, இதுக்கு ஏன் மண்டையை உடைக்கிற? அழிச்சுப் போட்டுப் புதுசா ஒண்டப் போடுங்க. பொத்தல் சட்டையத் தைச்சுத் தைச்சு உடுக்கிற ஆளா நீங்க?"

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சுலோஜனாவும் வேறு வழி தோன்றாமல் உலாவியை நீக்கும் கட்டளையைத் திறந்தாள். ஒரு சிறு கட்டம் எழுந்து உறுதி கேட்டது. அவள் விரல் இறங்கும் வேளையில் அஸ்மியா முன்னால் குனிந்தாள்.

"அன்ரி, கொஞ்சம் பொறுங்க. 'சேமித்த தரவுகளையும் நீக்கு' எண்டு அடியில கிடக்கு. சரி அடையாளமும் போட்டுக் கிடக்கு."

சுலோஜனா கையை மேசையிலிருந்தே எடுத்துவிட்டாள். அஸ்மியா இன்னொரு கணம் தாமதித்திருந்தால் அந்தச் சாவியைச் சுலோஜனாவே களப்பில் எறிந்தவளாகியிருப்பாள். கட்டத்தை மூடினாள். அப்போதுதான் முதல்நாள் மாலை அவள் நினைவில் முழுதாக எழுந்தது.

பாதுகாப்பில் ஓட்டை இருக்கிறது, புதுப்பிக்கவும் என்று உலாவி பல வாரங்களாக வேண்டிக்கொண்டே இருந்தது. டேட்டா கரையுமென்று அவளும் 'பிறகு' என்பதையே அழுத்தி வந்தாள். ஆனால் அன்னையின் திருமுன் போகும் பொருள் அழுக்கோடு போகலாகாது. மண்வெட்டியைக் கழுவினாள்; அரிவாளைத் துலக்கினாள்; கணினிக்கும் அதுவே நீராட்டு என்றெண்ணிப் புதுப்பிப்பைத் தொடக்கினாள். நீலக்கோடு முக்கால் தூரம் ஊர்ந்திருந்தபோது, "நேரம் போகுது, கொண்டு வாகா," என்று அருமைநாயகம் உள்ளிருந்து அழைத்தான். அவள் மின்கம்பியைப் பிடுங்கிக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். பாதிக் குளியலில் இழுத்து வந்த குழந்தையைப் போலத்தான் அது ஓரிரவு முழுதும் அன்னையின் முன் இருந்திருக்கிறது.

அவள் கைபேசியை எடுத்துத் தேடினாள். உலாவியைச் செய்தோர் அண்மையில் வெளியிட்ட அறிவித்தல் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தை மெதுவாகக் கூட்டி வாசித்தாள். அந்நியர் நுழையக்கூடிய ஓட்டைகளைப் புதிய பதிப்பு அடைக்கிறது. முந்தைய புதுப்பிப்பு இடையில் அறுபட்டதால் உலாவி எழாமற்போகும் குறையையும் தீர்க்கிறது. பழையதை நீக்க வேண்டாம். அதன் மேலேயே நிறுவுக.

கணினியோடு கூடவே வந்து, எவரும் தொடாமற் கிடந்த மற்றோர் உலாவி இருந்தது. அதன் வழியே புதிய பதிப்பை இறக்கி நிறுவத் தொடங்கினாள். நீலக்கோடு மீண்டும் ஊரத் தொடங்கியது.

அருமைநாயகம் வாசற்படியில் வந்து நின்றான். "இஞ்ச, விளக்கு எண்ணெயெல்லாம் குடிச்சு முடியப் போகுது. மேகமும் கட்டுது. விளக்குக் குளிராம நான் எப்பிடி வட்டைக்குப் போற? உன்ட பெட்டி இன்னும் எழும்பல்லியா?"

"ஒள்ளுப்பம், ஒரு கரண்டி எண்ணெய் விடுங்க. நேற்று நீங்க கூப்பிட்டு நான் எழும்பினதாலதான் இந்தப் பாடு. இண்டைக்கு எழும்ப மாட்டன்."

"அப்ப குற்றம் என்னிலயா?"

"கம்பியப் பிடுங்கினது நான்தான். எண்ணெய விடுங்க."

"மச்சான், எண்ணெய் விடத் தெரியாட்டி நான் சொல்லித் தாறன்," என்றாள் நஸீறா. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கோடு ஓரிடத்தில் நெடுநேரம் நின்றது. தொலைவில் இடி உருண்டது. அஸ்மியா மின்கம்பி சுவரில் செருகியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுலோஜனாவின் உதடுகள் ஓசையின்றி எதையோ ஓதின.

கோடு நிறைந்தது. உலாவி வெண்மையாய் விரிந்தது, இம்முறை மூடவில்லை. அஸ்மியாவின் பக்கத்தைத் திறந்ததும், கடவுச்சொல்லுக்குரிய கட்டத்தில் கரும்புள்ளிகள் வரிசையாக வந்து அமர்ந்தன. அஸ்மியா தானே நாற்காலியில் அமர்ந்து வாசித்துப் பார்த்து, 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். அவள் பெயருக்குக் கீழே உறுதி தெரிவிக்கும் பச்சை வரி தோன்றியது.

நஸீறா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். "முடிஞ்சா?"

"இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள் சுலோஜனா. "புள்ள, இலக்கத்த உம்மாட நம்பருக்கு மாத்து. மறுகா, அது முடிஞ்சதும், உனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்லப் போடு. இனி உன்ட சாவி என்ட பெட்டிக்குள்ள இருக்கப்படாது."

அவள் எழுந்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். விசைகளின் ஒலி கேட்டு ஓய்ந்த பின்பே திரும்பினாள். உலாவி சேமித்திருந்த பழைய சொல்லை நீக்கினாள். அதன் கீழே ஊராரின் பெயர்கள் இன்னும் பல இருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்து இவ்வாறே செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டாள்.

பின்பு கணினியை முறைப்படி அணைத்தாள். உள்ளே சுழன்ற ஓசை தானாக அடங்கி, சிறுவிளக்கு தானாக மறையும் வரை காத்திருந்தாள். கம்பியைத் தொடவில்லை.

சாமியறையில் விளக்கு தாழ்ந்து எரிந்தது. கணவன் அருகில் நிற்க, அவள் கும்பத்தடியிலிருந்து ஒரு செவ்வரத்தம் பூவை எடுத்துக் கண்களில் ஒற்றி, எண்ணெயில் தோய்த்துச் சுடரின் மேல் மெல்லச் சாய்த்தாள். விளக்குக் குளிர்ந்தது. புகை ஓர் இழையாய் எழுந்து அன்னையின் திருவடிகளைக் கடந்து போயிற்று. அவள் நிலத்தில் நெற்றி பட வணங்கினாள்.

வெளியே முதல் துளிகள் புழுதியில் விழத் தொடங்கியிருந்தன. படியிறங்கிய நஸீறா மகளின் தலையை முக்காட்டால் மூடிவிட்டு, வாசலை நோக்கித் திரும்பினாள்.

"அல்லாஹ் உங்கட கைக்கு பறக்கத்தத் தரட்டும் தங்கச்சி. உங்கட வட்டையும் நிறைஞ்சு விளையட்டும்."