ஒரு கோடு டவர்

மேகம் அருவியில் டவர் எடுக்கும் என்று அடித்துச் சொல்லித்தான் தம்பி சரத்குமார் என்னைக் கள்ளக்குறிச்சியிலிருந்து பைக்கில் ஏற்றி வந்தான். மலைப்பாதையில் ஏறும்போதே போனில் டவர் செத்துவிட்டது. அவன் பேச்சைக் கேட்டது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். திரும்பிப் போகவும் மனசில்லை. உக்ரைனில், கார்கிவ் நகரத்தில், ஒக்சானா காத்திருந்தாள்.

போர் வரும்வரை நானும் அவளும் அங்கே ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தோம். நான் தப்பி ஊர் வந்துவிட்டேன். அவள் இன்னும் சைரன் கேட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்குள் இறங்குகிறாள். பிள்ளைகள் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உன் மலையைக் காட்டேன் என்று நேற்றுக் கேட்டாள். பழைய வீடியோ வேண்டாமாம், இப்போது விழுகிற தண்ணீர்தான் வேண்டுமாம். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்கும்போதே அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது. நிலவறைக்குள் இறங்கிவிட்டோம் என்று.

"க்கா, இந்தப் பாறை மேல ஏறு. ஒரு கோடு வருது."

பாறையிலிருந்து அருவி தெரியவில்லை. மழைத் தண்ணீரோடு மரங்களுக்குப் பின்னால் இரைவது மட்டும் கேட்டது. அழைப்பு கிடைத்துவிட்டது! திரையில் எத்தனை முகங்கள். சத்தம் வந்த பக்கம் போனை நீட்டினேன்.

முகங்கள் சுருங்கின. ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு ஒக்சானாவின் மடியில் புதைந்தாள். தண்ணீர் தெரியாமல் இரைச்சல் மட்டும் அவர்களுக்குக் குண்டுச் சத்தம்போலக் கேட்டிருக்கிறது. அந்த ஊரில் குண்டுச் சத்தம் கேட்டவள் நான், எனக்கல்லவா இது தோன்றியிருக்க வேண்டும்.

"இன்னாடா பண்றது? பயந்துக்கினு இருக்குதுங்க."

"இரு, தோ வரேன்."

சட்டையோடு அருவிப் பக்கம் ஓடினான். சொட்டச் சொட்ட வந்து சட்டையைக் கழற்றிப் போனுக்கு எதிரே பிழிந்தான். எருமை மாதிரி தலையை உதறினான். ஒரு பையன் சிரித்தான். பிறகு எல்லோரும். அந்தச் சத்தம் இந்தத் தண்ணீர்தான் என்று ஒக்சானா அவர்கள் மொழியில் சொன்னாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தால் டவர் போய்விடும்.

மறுபடி அந்தச் சத்தம் வேண்டும் என்றார்கள். நீட்டினேன்.

அங்கே ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. அபாயம் நீங்கிவிட்டது, வெளியே போகலாம் என்றாள் ஒக்சானா. யாரோ கதவைத் திறக்க, வெளிச்சம் உள்ளே விழுந்தது. பிள்ளைகளில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சிறுமி மட்டும் மெல்ல முன்னால் நகர்ந்து வந்து, திரைக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள்.