எடுக்காத எக்ஸ்ரே

மரவள்ளிக்கு மண் வெட்டிய மாலையிலிருந்து ஏரம்பமூர்த்தி முதுகை வளைக்கவில்லை. வீட்டுக்கு வீடு தோட்டம் போடவேண்டும் என்பது ஜப்பான்காரர்களின் உத்தரவு. தண்ணீர் இலாகாவில் பேனா பிடித்த கை மண்வெட்டியைப் பிடித்தது; இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று முதல் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் ஒரு பழைய கதவைத் தரையில் போட்டு, அதன்மேல் மல்லாந்து கிடந்தார்.

"முள்ளந்தண்டு வெடிச்சுப்போச்சு. குனிஞ்சால் பொட்டெண்டு முறிஞ்சுபோகும்" என்றார்.

டாக்டர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தைக் குத்திப் பார்த்தார். மரத்துப்போகவில்லை, காய்ச்சலும் இல்லை. "வெறும் பிடிப்புத்தான். கதவை விட்டு எழும்பி நடக்கவேணும், மெல்லக் குனிஞ்சு நிமிரவேணும்" என்று சொல்லி, அதையே சீட்டிலும் எழுதிக் கொடுத்துப் போனார்.

ஏரம்பமூர்த்தி நம்பவில்லை. அப்பாவும் குமாஸ்தா, தாத்தாவும் குமாஸ்தா. அத்தாட்சி இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாத குடும்பம். "எக்ஸ்ரே எடுத்து எலும்பைக் காட்டட்டும். பிறகு குனியிறன்."

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி புஷ்பராணி, "திங்கட்கிழமை வேலைக்குப் போகாட்டில் பேரை வெட்டிப்போடுவாங்களாம். பேரோட பங்கீட்டு அரிசியும் போயிடும்."

"போனால் முதல்ல அந்த முற்றத்தில குனியவேணுமே!"

காலையில் இலாகா முற்றத்தில் கிராமபோன் தட்டு பாடும். எல்லோரும் வரிசையாக நின்று ஜப்பானியத் தேகப்பயிற்சி செய்யவேண்டும். செய்யாதவன் கன்னம் வீங்கும்.

சனிக்கிழமை ட்ரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே விறைப்பாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண், மணிக்கட்டு வீங்கி, கை கோணலாகத் தொங்க, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெயர் சித்தி ஹாஜரா; சட்டை தைத்துப் பிழைப்பவள், பாசாரில், மீன் சந்தையில், வழுக்கி விழுந்துவிட்டாள்.

"உங்களுக்கு என்னண்ணே? சோல்ஜர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கீங்க!" என்றாள் அந்த வலியிலும்.

"முதுகு உடைஞ்சுபோச்சு, தங்கச்சி."

"உடைஞ்ச முதுகு இவ்வளவு நேராவா நிக்கும்?"

எக்ஸ்ரே எடுக்கும் கமால் கதவைத் திறந்தார். "ஃபிலிம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு லா. அடுத்தது எப்ப வரும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஏரம்பமூர்த்தி அண்ணே, உங்க முறை. வாங்க."

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தார்! எழுந்தார். ஆனால் அந்தக் கை கண்ணில் பட்டது. ஊசியில் நூல் கோக்கும் கை.

"தம்பி, இந்தப் பிள்ளையின்ர எலும்பைப் படம் பார்க்காமல் பொருத்தலாமோ?"

"பொருத்தலாம். கோணலா ஒட்டிக்கிட்டா ஆயுசுக்கும் கோணல்தான்."

"என்ர முதுகு?"

"அண்ணே, ஃபிலிம்ல எலும்பு தெரியும், வலி தெரியாது. டாக்டர் சீட்டுல குனியத்தானே எழுதியிருக்கார்?"

ஏரம்பமூர்த்தி மறுபடி உட்கார்ந்தார். "அவளைக் கூப்பிடும். நான் டாக்டரை நம்பிப் பார்க்கிறன்."

சித்தி ஹாஜரா எழுந்தாள். உள்ளே போகும்போது நல்ல கையால் அவர் தோளை மெல்லத் தொட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சி தொடங்கியது. "இச்சி, நீ, சான் எண்டு வீட்டிலயும் ஜப்பான்காரன்ர எண்ணிக்கைக்குக் குனிய மாட்டன்" என்று முரண்டு பிடித்தார்.

"அப்ப சிவபெருமான் பேரைச் சொல்லிக் குனியுங்கோ" என்றாள் புஷ்பராணி.

ந, ம, சி, வா, ய. முதல் இரண்டுக்குக் குனிவு, 'சி'யில் நிற்றல், கடைசி இரண்டுக்கு நிமிர்வு. முதல் தடவை முட்டிவரைதான் கை எட்டியது. கண்ணில் நீர் வந்தது. முறியவில்லை. ஞாயிறு மாலைக்குள் கை கணுக்காலை எட்டிப் பார்த்தது.

திங்கட்கிழமை. ஜப்பான்காரர்கள் மாற்றிவைத்த டோக்கியோ நேரப்படி கடிகாரத்தில் பொழுது விடிந்துவிட்டது. பினாங்கு வானத்துக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. கிராமபோன் எட்டு எட்டு எண்ணிக்கையாகப் பாடியது. ஏரம்பமூர்த்தியின் உடம்போ ஐந்து ஐந்தாகக் குனிந்தது. எல்லோரும் நிமிரும்போது அவர் தலை மட்டும் கீழே; எல்லோரும் குனியும்போது அவர் மட்டும் கொடிமரம். மாற்றப் பார்த்தார், இடுப்பில் சுருக்கென்றது. பழகிய தாளத்துக்கே திரும்பினார். ஜப்பானிய மேலதிகாரி படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற தங்கராஜு, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், முணுமுணுத்தார்: "அண்ணே, என்ன கணக்கு இது?"

"நமச்சிவாய."

"மாதாவே, மன்னிச்சுக்கோ" என்று தங்கராஜுவும் அந்தக் கணக்கில் குனிந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். மேலதிகாரி வந்து நின்றபோது முன்வரிசை முழுவதும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது, பாட்டோடு மட்டும் ஒட்டாமல்.

ஓங்கவிருந்த கை நின்றது. வரிசையைப் பார்த்தார். கிராமபோனைப் பார்த்தார். பிழை பாட்டில்தான் என்று எண்ணி, விறுவிறுவென்று போய், தாமே அதற்குச் சாவி கொடுத்தார்.

பெயர் கூப்பிடும்போது ஏரம்பமூர்த்தி உரக்கக் குரல் கொடுத்தார். அரிசி தப்பியது.

உள்ளே போகும்போது தங்கராஜு கேட்டார்: "முதுகு வலிக்குதா?"

"வலிக்குது. ஆனால் முறியேல்ல. இண்டைக்கு இரவு எட்டு எட்டா எண்ணிப் பழகுறன். எனக்காக நீங்கள் எல்லாரும் அடி வாங்கக்கூடாது."

"மெல்லப் பழகுங்க லா," என்றார் தங்கராஜு, "நாங்க பக்கத்துலதானே நிக்கிறோம்."