பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போனவன்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது என்பதால், கதாநாயகன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

2007இல் நான் கச்சிபௌலியில் மென்பொருள் சோதனையாளன். அடுத்தவர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடித்துச் சொல்வது வேலை. கை சும்மா இருக்காமல், சிகந்தராபாத் தமிழ்த் திரைக்கழகத்தின் மாத மடலில் விமர்சனமும் எழுதினேன். அங்கேயும் அதே வேலைதான்.

எனக்கொரு முறை உண்டு. இருட்டில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அழுகைக்கு முன்னால் வயலின் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுவேன். படம் முடிந்து பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் எழுந்துவிடுவேன். நிறுத்துமிடத்தில் நெரிசல் ஆவதற்குள் வண்டியை எடுக்க வேண்டும். இந்தக் கதைக்குக் காரணமான படத்துக்கு முப்பத்தொரு கோடு.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் திண்டாடினேன்.

"ஃபெலிக்ஸ் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு மழை நாளில் அவர் மனைவி ஆக்னஸ்—"

(அடித்துவிட்டேன். மழையைக் கூப்பிட்டால் பின்னாலேயே வயலினும் வந்துவிடும்.)

"பிறருக்காக வாழ்ந்த ஒரு மாமனிதரின்—"

(இது அந்தப் படத்தின் சுவரொட்டியில் இருந்த வாசகம். என் கைக்கு எப்படி வந்தது?)

சரி, நேராகவே சொல்கிறேன். ஃபெலிக்ஸ் தூத்துக்குடிக்காரர். ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருந்த பொறியாளர். உரிமம் வாங்கி மொட்டைமாடி அறையில் சொந்தமாக வானொலிக் கருவி வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசுவது அவர் பொழுதுபோக்கு. ஒரு புயலில் கடற்கரை ஊர்களின் தொலைபேசி எல்லாம் அறுந்துபோனபோது, நான்கு நாள் அந்த அறையை விட்டு இறங்காமல், யார் உயிரோடு இருக்கிறார், யாருக்கு மருந்து வேண்டும் என்ற செய்திகளை வாங்கி வாங்கிக் கடத்தினார். பின்னால் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாழ்க்கையைத்தான் படமாக எடுத்தார்கள். சிகந்தராபாத்தில் ஒரு வாரம், காலைக் காட்சி மட்டும் ஓடியது.

படத்தின் கடைசியில் நாயகன் வானொலி வழியாகவே கீழே சமையலறையில் இருக்கும் மனைவிக்கு மூன்று நிமிடம் காதல் வசனம் பேசுவான். நான் எழுதினேன்: "மாடியிலிருந்து சமையலறைக்கு வானொலியில் பேசும் கணவன் எந்த உலகத்தில் இருக்கிறான்? இந்தப் படத்தில் நேர்மையான ஒரு நிமிடம்கூட இல்லை."

எழுதியபோது எனக்கு அவ்வளவு பெருமை.

3

மடல் வந்த மறுவாரம் கழகச் செயலாளர் பத்மநாபன் கூப்பிட்டார். அவருடையது நான்கு தலைமுறையாகச் சிகந்தராபாத்தில் இருக்கும் குடும்பம்; தமிழில் ஊர் உருது கலந்துவிடும், 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகும், 'வேண்டாம்' 'நக்கோ' ஆகும். ஃபெலிக்ஸின் மனைவி என்னைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னார். நான் தயங்கினேன்.

"கைக்கு பயப்படுறே? திட்டறதுக்கு இல்லேன்னுதான் சொன்னாங்க. போய்ட்டு வா."

ஞாயிறு காலை போனேன். கதவைத் திறந்த ஆக்னஸ் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நீங்கதானா தம்பி? பேரு ஓடும்போது என் கால தாண்டித்தான போனிய."

(இந்த இடத்தில் நான் என்ன உணர்ந்தேன் என்று நாலு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.)

சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. முழங்கால் வலியால் அவரால் மாடி ஏற முடியாது. அதனால் ஃபெலிக்ஸ் செய்துகொடுத்தது. நான்கு நாளும் அவர் குரலைக் கேட்டுக்கொண்டேதான் சமைத்தாராம். ஆக, எந்த உலகத்தில் என்று கேட்டேனே, அந்த உலகம் இதுதான்.

காதல் வசனம் பொய் என்பதையும் அவரே சொன்னார். "அவிய அப்படில்லாம் பேச மாட்டாவ. எனக்கே அந்த வயலின் தலவலி."

ஆனால் செய்தி எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று ஃபெலிக்ஸ் எல்லாவற்றையும் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். நான்காம் நாளின் கடைசிப் பதினோரு விநாடிகளை, நிஜக் குரலை, இயக்குநர் பெயர்ப் பட்டியலின் முடிவில் சேர்த்திருந்தார். நான் வண்டியை உதைத்துக்கொண்டிருந்த பதினோரு விநாடிகள் அவை.

அம்மா கேசட்டைப் போட்டுக் காட்டினார். அதில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்லமாட்டேன். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது.

4

ஆக்னஸ் ஆறு காட்சி போயிருக்கிறார். ஆறிலும் பட்டியல் தொடங்கியதும் விளக்கைப் போட்டார்கள், நாற்காலிகள் படபடவென்று மடங்கின, எல்லோரும் எழுந்தார்கள். ஒருமுறைகூட அந்தக் குரல் அரங்கில் கேட்கவில்லை.

கேசட்தான் கையில் இருக்கிறதே, வீட்டிலேயே கேட்கலாமே என்றேன். சோதனையாளன் புத்தி.

"நான் ஆயிரம் தடவ கேட்டாச்சு தம்பி. நாலு நாளா யாரு யாருக்கோ செய்தி சொன்னாவ. அவிய சொன்னத நாலு பேரு சும்மா ஒக்காந்து கேக்கட்டுமே."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: கழகத்தில் பரிசு வாங்கும் படத்துக்குக் கடைசிப் பெயர் போகிறவரை விளக்குப் போடமாட்டார்களாமே?

உண்மைதான். அது எங்கள் வழக்கம். ஆண்டுக்கு ஒரு மாலை, ஒரு படம், யாரும் எழக்கூடாது.

நடுவர் மூவரில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

5

இங்கே கதை கட்டுரையாகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அழவைக்கும் வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கு விமர்சகன் தலைவணங்கலாமா? வாழ்ந்தவர் நல்லவர் என்பதால் படமும் நல்லதாகிவிடாது. அவர் மேல் நமக்கிருக்கும் மரியாதையைப் படம் தன் கணக்கில் வாங்கிக்கொள்ளப் பார்க்கும். இதை இன்றைக்கும் நம்புகிறேன். போட்டியில் இருந்த இன்னொரு படம் நிஜமாகவே நல்ல படம். ஒரு லிஃப்ட் இயக்குபவரின் ஒரு நாள். ஒரு வயலின்கூடக் கிடையாது. எடுத்தவருக்கு அதுதான் முதல் படம்.

பரிசு இல்லாமல் திரையிட முடியுமா என்று பத்மநாபனிடம் கேட்டேன். மண்டபம் வருடத்தில் ஒருநாள்தான் கிடைக்கும், இரண்டு படம் நக்கோ என்றார். மற்ற இரு நடுவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றுவிட்டார்கள்.

"உன் ஓட்டுதான் பாக்கி. சீக்கிரம் எழுதிக் குடு."

6

முடிவு அ: மோசமான படத்துக்கு ஓட்டுப் போட்டேன். மண்டபத்தில் நூறு பேர் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். ஆக்னஸ்— (வேண்டாம். முப்பத்திரண்டாவது கோட்டை நானே போடவேண்டியிருக்கும்.)

முடிவு ஆ: நல்ல படத்துக்கு ஓட்டுப் போட்டேன். நேர்மையான விமர்சகனாகவே வீட்டுக்குப் போனேன். ஏ.எஸ்.ராவ் நகர் பக்கம் மட்டும் வண்டியைத் திருப்பவில்லை.

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று சொன்னால் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். எழுந்து போவதில் எனக்கு அனுபவம் உண்டு. ஓட்டுச் சீட்டை உங்களிடமே தருகிறேன்.

சிறந்த படம்: ..............................

கதை முடிந்தது. விளக்கைப் போடவில்லை. வண்டியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

7

ஆக்னஸாக: ஆக்னஸ்

செயலாளராக: பத்மநாபன்

குறை கண்டுபிடித்தவன்: ஸ்ரீகாந்த்

வயலின்: யாரும் இல்லை

மாடியிலிருந்து குரல்: ஃபெலிக்ஸ்

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனி யாருமில்ல. ஆக்னஸ், ரசத்தச் சுட வையி. எறங்கி வாரேன்."